ரத்து செய்ய முடியாத அறை

உட்கார்ந்த பிறகுதான் தையல்நாயகிக்குத் தெரிந்தது, இந்த நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது என்று. பிரம்பு நாற்காலி, தரையோடு தரையாக, மெத்தை வேறு உள்வாங்கிக்கொண்டது, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும், அறுபத்தாறு வயசில் ஒரு பொம்பளை, வரவேற்பறையில், கூடைக்குள் வைத்த பூசணிக்காய் மாதிரி. சரி, இப்போது எழுந்து எங்கே போகப்போகிறோம். மணி பன்னிரண்டேகால். அறை இரண்டு மணிக்குத்தான் என்று மேஜைக்குப் பின்னால் இருந்த லியென் சொல்லியாகிவிட்டது, சிரித்துக்கொண்டே சொன்னாள், நாற்பது வயசிருக்கும், குங்குமப்பூ நிறத்தில் ஸ்வெட்டர், ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். வெளியே மழை. தா நாங் விமான நிலையத்திலிருந்து ஹோய் ஆன் வரைக்கும் முக்கால் மணி நேரமும் மழை, டிரைவரின் கண்ணாடியில் இடமும் வலமுமாக ஆடிய அந்த ரப்பர் கை, சரக் சரக், அது இன்னும் தலைக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. எழுந்திருக்க ஒரு கை வேண்டும். எப்போதும் ஒரு கை வந்துவிடும், கேட்கவேண்டியதே இல்லை, எமிலியின் கை, மணிக்கட்டில் அந்தப் பழைய எச்.எம்.டி. கடிகாரம், உள்ளங்கை முப்பத்தைந்து வருஷச் சாக்பீஸில் காய்ந்து சொரசொரவென்று. "எந்திட்டி நாயகி, என்ன அங்கன முட்டைக்கா உக்காந்திருக்க?" பஸ் ஸ்டாண்டிலும் சொல்வாள், கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலின் நடுக்கூடத்தில் வைத்தும் சொல்லியிருக்கிறாள். தமிழ் தெரிந்த சிப்பந்தி ஒருவர் திரும்பிக்கொண்டு சிரித்தார். அந்தக் கைதான் ஜூன் மாதத்திலிருந்து இல்லை.

இஞ்சி போட்டு ஏதோ கொடுத்தார்கள், சின்னக் கோப்பையில், எலுமிச்சைப்புல் வாசனையோடு. நல்ல சூடு. வந்து இறங்கியதும் கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தாள் லியென், அதற்கே கண் கலங்கிவிட்டது, பைத்தியம், வழியெல்லாம் இப்படித்தான். கோலாலம்பூரில் விமானம் மாறும்போது பெட்டியை எடுத்துக்கொடுத்த சீனத்து ஆளுக்கு மூன்று தடவை நன்றி சொன்னாள், அவர் பயந்துபோய் வேகமாக நடந்துவிட்டார். தனியாக வருகிறவளுக்கு நன்றி மிகுந்துவிடுகிறது, கொடுக்க ஆள் இல்லாமல் வழியில் போகிறவர்கள்மேல் எல்லாம் கொட்டுகிறது. தம்பி சிதம்பரத்தின் குரல் செய்தி இன்னொன்று வந்திருக்கிறது. கேட்டது போதும், இருந்தாலும் காதருகே வைத்தாள். "எக்கா, போய்ச் சேந்தியா? மழைங்காம்லா டிவியில. எதுக்குக்கா தனியாக் கெடந்து சங்கடப்படுத? காசு போனா மயிராப் போச்சு. நாளைக்கே ஒரு டிக்கெட்டப் போட்டுட்டு வந்துரு. நான் திருவனந்தபுரத்துக்கு வண்டி அனுப்புதேன்." நல்லவன். அவன் குரலைக் கேட்டதும் பாளையங்கோட்டை வீட்டுச் சமையலறையின் பல்ப் வெளிச்சம் அப்படியே வந்து முன்னால் நின்றது. நாளைக்குச் சாயங்காலம் ஒரு விமானம் இருக்கிறது. காரில் வரும்போதே பார்த்துவிட்டாள். இன்றைக்கு இங்கே படுத்து எழுந்து, காலையில் தா நாங் போய், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பகலுக்கு ஓர் அறை எடுத்து முதுகைச் சாய்த்துவிட்டு, சாயங்காலம் ஏறிவிடலாம். மீ ஸன் என்கிற அந்தப் பழைய சிவன் கோயிலைப் பார்க்காமல். அதைப் பார்க்கத்தானே வந்தது. எமிலி இல்லாமல் அதைப் பார்த்து என்ன செய்ய, பார்த்துவிட்டு யாரிடம் திரும்ப.

ஆக, அறை தேடவேண்டும். தையல்நாயகி தன் வாழ்நாளில் ஓர் அறையும் தேடியதில்லை. கைப்பேசியில் விரலை வைத்ததும் படங்கள் ஓடின, வெள்ளைப் படுக்கைகள், படுக்கைமேல் துண்டில் செய்த அன்னங்கள், எல்லா அன்னமும் ஒரே சாயலில். இதில் எதை நம்புவது? எமிலி எப்படிச் செய்வாள், யோசி. முதலில் மூன்று இடத்தில் பார்ப்பாள், ஒரே அறைக்கு மூன்று விலை இருக்கும். "பாத்தியா, ஒரே கத்திரிக்காதான், மார்க்கெட் வாசல்ல ஒரு வெல, உள்ள ஒரு வெல." விலையைப் பார்த்ததும் மயங்கக்கூடாது, வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கீழே தள்ளிக்கொண்டு போகவேண்டும். காலை உணவு சேர்த்தியா என்று பார்க்கவேண்டும், சேர்த்தி என்றால் அதில் நாயகி தின்கிற மாதிரி ஏதாவது உண்டா என்று பார்க்கவேண்டும். "ஒனக்கு அங்க ரெண்டு துண்டு பப்பாளிதான். அதுக்கு நாம துட்டு அழணுமா?" பிறகு தங்கிப்போனவர்கள் எழுதியதைப் படிப்பாள், அடியிலிருந்து, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில். புகழ்கிறவன் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவான், வைகிறவன்தான் குழாயில் வெந்நீர் வராததைச் சொல்லுவான். மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரை. மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்போதெல்லாம் தையல்நாயகி பக்கத்தில் கட்டிலில் படுத்து ஏதாவது ஒரு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். எழுந்து காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். எத்தனை நல்ல அறைகளில் தூங்கி எழுந்தாகிவிட்டது, ஜன்னல் சரியாகக் கிழக்கே, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மாடிப்படி ஏறவேண்டாத தளம். அதெல்லாம் தானாக அமைந்தது என்றல்லவா நினைத்திருந்தாள். ஒவ்வொன்றும் எமிலியின் ஒரு மத்தியானம்.

விலை படிந்ததும் அதோடு விடமாட்டாள், நேரே அந்த ஹோட்டலுக்கே கடிதம் எழுதுவாள். முப்பத்தைந்து வருஷம் அரசு மகளிர் கல்லூரியில் கணக்கு நடத்திவிட்டு, கல்லூரிக் கல்வி இயக்குநருக்கு எழுதிய கையால் வேறு எப்படி எழுத வரும்? ஆங்கிலத்தில்தான், ஆனால் அச்சு அசல் நம் ஆபீஸ் கடிதம். அனுப்புநர், பெறுநர். பொருள்: அறை வாடகை குறைத்தல், தொடர்பாக. பார்வை: தங்கள் இணையதளம், நாள் இன்னது. மேற்காண் பொருள் குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது என்னவென்றால், நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற பேராசிரியைகள், ஒருவர் மரக்கறி உணவினர், இருவரும் சத்தமில்லாதவர்கள். கடைசி வரி பொய் என்று தையல்நாயகி சொன்னதற்கு, "சத்தம் நீ போடமாட்ட, நான் போடுறது சத்தமில்ல, விளக்கம்" என்றாள். குறைத்துவிடுவார்கள், என்ன அதிசயமோ. கம்போடியாவில் ஒரு தடவை, சியம் ரீப்பில், வாசலில் மேலாளரும் இரண்டு பேரும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள், கையில் கோப்பு. இந்தியாவிலிருந்து ஏதோ அரசாங்கச் சோதனைக்கு இரண்டு அம்மாமார் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். சமையலறையைக்கூட அலம்பி வைத்திருந்தார்கள். எமிலி சளைக்கவில்லை, சமையலறையைச் சுற்றிப் பார்த்து, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் தையல்நாயகிக்கு விலா பிடித்துக்கொண்டது. இப்போதும் உதடு இழுக்கிறது. லியென் மேஜையிலிருந்து பார்த்துவிட்டாள், அவளும் ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தாள், எதற்கென்று தெரியாமலேயே.

தா நாங்கில் அறைகளைத் தள்ளிக்கொண்டே போன விரல், வேண்டுமென்று அல்ல, எப்படியோ ஹோய் ஆனுக்கு வந்து, இதோ இந்த வீட்டின் படத்தில் நின்றது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, ஒரு நீல மண்ஜாடி, இதே ஜாடி, இடதுபக்கம் நிமிர்ந்தால் நிற்கிறது. வயல் பார்த்த அறை, இருவருக்கு, இன்று, இருபத்தொன்பது டாலர். ரத்து செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. தையல்நாயகி பையிலிருந்து அறைப் பதிவுத் தாள் வைத்த எமிலியின் பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். எடுக்கவேண்டிய அவசியமில்லை, மனப்பாடம்தான். வயல் பார்த்த அறை, இருவருக்கு, ஐந்து இரவு, இரவுக்கு நாற்பத்திரண்டு. கீழே, தடித்த எழுத்தில், எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய இயலாது, தொகை திரும்பத் தரப்படாது. நாற்பத்திரண்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் எத்தனை, பதின்மூன்று. எமிலி ஞானரத்தினத்தை ஒருத்தர் பதின்மூன்று டாலர் ஏமாற்றிவிட்டாரா? போகட்டும், மழைக்காலம், ஆள் வராத மாசம், விலை இறங்கியிருக்கும். ஆனால் அந்தத் தடித்த எழுத்து? ரத்து செய்ய முடியாத ஓர் அறையை எமிலி எடுத்ததே கிடையாது. நாலு காசு கூடப்போனாலும் போகட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கவேண்டும் அவளுக்கு. "ரத்து பண்ண முடியாத எதையும் நான் வாங்கமாட்டேன்ட்டி. அதனாலதான கல்யாணமே கட்டல." ஆசிரியைகள் ஓய்வறையில் இதைச் சொன்னபோது, கல்யாணம் கட்டிய பதினோரு பேரும் டிபன் டப்பாவை வைத்துவிட்டுச் சிரித்தார்கள், ஒன்றிரண்டு பேர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். அந்த எமிலி இந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டாள்? பார்க்காமலா? கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், பார்க்காமலா?

இங்கேதான் வந்து முட்டும். நாலு மாசமாக எந்த வழியாகப் போனாலும் இங்கேதான் வந்து முட்டுகிறது. தாளில் தேதி மார்ச் பதினொன்று. வயிற்றில் வாயுத் தொந்தரவு என்று தனியாகப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தது மார்ச்சில்தான், எட்டா ஒன்பதா, இல்லை பதினைந்துக்கு மேலா, அது சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. கணையத்தில் என்று தையல்நாயகியிடம் சொன்னது ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்து. நடுவில் ஒரு சாயங்காலம், கரண்ட் போய்விட்டது, எமிலி வீட்டு மொட்டைமாடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் போனால் எமிலி பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லுவாள், சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து அவள் அப்பா சொல்லிக்கொடுத்த வைத்தியம், எல்லாரும் ஜெபம் சொல்லுகிற நேரத்தில் இவள் வாய்ப்பாடு. ஓர் பத்தொன்பது பத்தொன்பது, ஈர் பத்தொன்பது முப்பத்தெட்டு. கல்லில் நீர் சொட்டுகிற மாதிரி வரும். அன்றைக்கு அறு பத்தொன்பது நூற்றுப் பதினாலு வரைக்கும் வந்து, ஏழு பத்தொன்பது, ஏழு பத்தொன்பது... நின்றுவிட்டது. இருட்டில் முகம் தெரியவில்லை. தையல்நாயகி காத்திருந்தாள், பிறகு, "என்ன பேராசிரியை, வாய்ப்பாடு மறந்துபோச்சா? வயசாயிட்டுது ஒனக்கு" என்று கேலி பண்ணினாள். கரண்ட் வந்ததும் எமிலி கீழே போய்விட்டாள். அந்தக் கேலிதான். வலிக்கு மாத்திரை தின்று, புத்தி கலங்கி, எண்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தனவா அப்போது? வாழ்நாளெல்லாம் எண்களோடு இருந்தவள், அவை போவதை ஒருத்தியாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளா, பக்கத்தில் நான் உட்கார்ந்து வயசாயிட்டுது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது? அந்தக் கலக்கத்தில் எடுத்த அறையா இது? தப்பான விலை, தப்பான நிபந்தனை, தெரியாமல் அழுத்திய ஒரு பொத்தான்? அப்படியானால் எமிலியின் கடைசி மத்தியானம் ஒரு பிசகு. அதை முதுகில் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்து தரையோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்டில் ஃபைலைத் திறந்தபோது வேண்டாம் என்று எழுதிப்போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தாள், அந்த வரி தடுத்தது. பிசகென்றாலும் அவள் காசு, அவள் பென்ஷன், பாழாய்ப் போகவிடக் கூடாது. அதற்காகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஃபைலைக் கையில் கொடுத்து, "நல்ல ரேட்டு நாயகி. விட்டுராத" என்றாளே. மூச்சு வாங்கிக்கொண்டு. நல்ல ரேட்டு! பாவி, பதின்மூன்று டாலர் கூடக் கொடுத்துவிட்டு நல்ல ரேட்டு.

வாசலில் ஒரு மோட்டார் பைக் போயிற்று, ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் ஒரே மழைக்கோட்டுக்குள், இரண்டு தலை, ஒரு உடம்பு, வண்டிக்கே ஜுரம் வந்து போர்த்திக்கொண்டதுபோல. அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும். இந்த ஊர் மழைக்கும் நம் ஊர் மழைக்கும் சத்தத்தில் ஒரு மாத்திரை வித்தியாசம் இருக்கிறது, இது ஓட்டில் விழுந்து ஓட்டிலேயே தங்கிவிடுகிற மழை. முப்பது வருஷம் வரலாற்று வகுப்பில், இந்தப் பக்கம் ஒரு காலத்தில் இருந்த சம்பா நாட்டைப் பற்றித் தையல்நாயகி பாடம் நடத்தியிருக்கிறாள். பத்ரவர்மன் கட்டிய கோயில், பத்ரேஸ்வரர் என்று லிங்கத்துக்குத் தன் பெயரையே சேர்த்து வைத்தான், செங்கல் கோபுரங்கள், சாந்து தெரியாத கட்டு. எல்லாம் மஞ்சளாகிப்போன குறிப்பேட்டிலிருந்து. பெயரைக்கூட மைசன் என்றுதான் சொல்லிக்கொடுத்தாள், இன்று டிரைவர் மீ ஸன் என்கிறார், மூன்று தலைமுறை மாணவிகள் மைசன் என்று எழுதி மார்க் வாங்கிப் போய்விட்டார்கள். "பாக்காத ஊருக்கு வழி சொல்லுதவ நீ" என்பாள் எமிலி, "ஒருநாள் ஒன்னக் கொண்டுபோய் அந்தக் கோயில் முன்னால நிறுத்துதேன், அப்பதான் ஒன் பாடம் முடியும்." நிறுத்துகிறேன் என்றவள் இல்லை. நிற்கவேண்டியவள் நாளை விமானத்துக்கு அறை தேடுகிறாள். தா நாங்கில் ஒன்று கிடைத்தது, பகலுக்கு மட்டும் பதினெட்டு டாலர், ரத்து செய்துகொள்ளலாம். விரல் அதன்மேல் நின்றது. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படிக்கவேண்டும் முதலில். ஒருவர், ஜன்னலைத் திறந்தால் சுவர் என்று எழுதியிருந்தார். எமிலி இருந்திருந்தால் இதைத் தாண்டிப் போயிருப்பாள். தையல்நாயகிக்குத் தாண்டத் தெரியவில்லை. சுவர் போதும். ஒரு பகல்தானே.

"மேடம், இன்னொரு டீ?" லியென் பக்கத்தில் வந்து நின்றாள், குனிந்து கோப்பையை எடுத்துக்கொண்டே கைப்பேசியில் தா நாங் அறையின் படத்தைப் பார்த்துவிட்டாள் போலும், முகம் கொஞ்சம் மாறியது. "எங்கள் அறை உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறீர்களா? இன்னும் பார்க்கவே இல்லையே." ஐயோ, அப்படியில்லை என்று தையல்நாயகி பதறினாள். ஊரில் வேலை வந்துவிட்டது, நாளைக்கே கிளம்பவேண்டியிருக்கலாம், அதனால்தான், மிச்ச நாலு இரவு வீணாகத்தான் போகும், அது உங்கள் தப்பில்லை, தாளிலேயே போட்டிருக்கிறது, திரும்பத் தரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பொய்யும் மெய்யுமாக எல்லாம் சேர்ந்து வந்தது. லியென் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு சிரித்தாள், சிரித்துவிட்டுத் தப்போ என்று நிறுத்தினாள். "மேடம், அப்படி ஒரு விலையே எங்களிடம் கிடையாது." என்ன? "இது என் மாமியாருடைய வீடு. பதினோரு அறை. ஆற்றில் வெள்ளம் வந்தால் நாங்களே கூப்பிட்டு வராதீர்கள் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடுவோம். ரத்து செய்ய முடியாது என்று நாங்கள் யாருக்கும் போட்டதில்லை. உங்கள் தோழிதான் போடச் சொன்னார்கள். மூன்று கடிதம் எழுதினார்கள். என் கணவர் இரண்டு தடவை வேண்டாம் என்று எழுதினார், உங்களுக்கு நஷ்டம் என்றார். மூன்றாவது கடிதத்துக்கு அவர் பயந்துவிட்டார்." சிரிப்பு மறுபடியும் வந்துவிட்டது அவளுக்கு. "அதற்குத் தலைப்பு வேறு. பொருள்: ரத்து செய்யும் வசதியை நீக்குதல், தொடர்பாக."

தையல்நாயகி நீல ஜாடியைப் பார்த்தாள். அதன் வயிற்றில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில். "வேறென்ன எழுதியிருந்தாள்?" என்று கேட்டது தன் குரல்தானா. லியென் முகட்டைப் பார்த்து யோசித்தாள், நல்ல மாணவி மாதிரி ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். "இருவரில் ஒருவர் மட்டும் வர நேரலாம், அப்போதும் இந்த ஏற்பாடு பொருந்தும் என்று. என் கணவர் முப்பத்தைந்து என்று சொன்னார், மழைக்காலம் இல்லையா, அதற்கு உங்கள் தோழி, விலையைக் குறைக்கவேண்டாம், அதற்கு ஈடாக ஜன்னலோரம் ஒரு நாற்காலி வேண்டும் என்று எழுதினார்கள். பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாத உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. எங்களிடம் எல்லாம் இப்படித்தான்," என்று தையல்நாயகி புதைந்திருந்த பிரம்பைக் காட்டினாள், "அதனால் மாமியாருடையதை உங்கள் அறையில் போட்டிருக்கிறோம். அவர்களும் சம்மதித்துவிட்டார்கள், ஐந்து நாள்தானே என்று. அதற்குப் பிறகும் இரவுக்கு ஏழு டாலர் கூட வாங்குகிறோமே, கணக்கு நேராகவில்லை என்றார் என் கணவர், ஆகவே மீ ஸன் போக வண்டியும் சேர்த்துவிட்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு வரும்." சொல்லிவிட்டு, கோப்பையை வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஆனால் அந்த வரி சும்மா, மேடம். அவர்கள் கேட்டதற்காக அச்சடித்தது. நீங்கள் போகவேண்டுமென்றால் நாலு இரவுப் பணத்தையும் இப்போதே தந்துவிடுகிறேன். உங்களுக்கு வேலை வந்துவிட்டது, என்ன செய்வீர்கள்."

ஏழு பத்தொன்பது. அப்போது தெரிந்திருந்தது அவளுக்கு. ஸ்கேன் எட்டாம் தேதியோ ஒன்பதோ, எதுவானாலும் பதினொன்றுக்கு முன்னால். தெரிந்துதான் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தாள், வாய்ப்பாடு மறக்கவில்லை, அழுதிருக்கிறாள், அவ்வளவுதான், இருட்டில் நான் பார்க்கவில்லை. புத்தி கலங்கியவள் மூன்று கடிதம் எழுதமாட்டாள், பொருள் போட்டு, பதினெட்டு அங்குலம் என்று அளவு போட்டு. எழுந்து எழுந்து வலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்திருப்பாள், நாயகி என்ன செய்வாள், என்னை அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வேண்டாம் என்பாள், பால்காரரை, பத்திரிகையை, இந்தப் பயணத்தை. வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கிற எதையும் சொல்லிவிடுவாள். ஆனால் வீணாக்கமாட்டாள், தட்டில் ஒரு பருக்கை விடாதவள். அந்த இடத்தில் வைத்துப் பிடித்தால்தான் அசைவாள். வாழ்நாளெல்லாம் கதவைத் திறந்துவைத்தே அறை எடுத்தவள், ஒரே ஒரு தடவை எனக்காகக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, அதற்கு விலையும் கொடுத்துவிட்டு, நல்ல ரேட்டு என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். கோபமாகத்தான் வந்தது முதலில், சொல்லாமல் இருந்ததற்கு, ஒரு மாசம் தனியாக வைத்துக்கொண்டதற்கு, அதற்குள்ளும் எனக்கு நாற்காலி தேடியதற்கு, கண்ணீர் மூக்குக்கண்ணாடிக்குள் இறங்கி உலகம் முழுக்க மழை பெய்தது. லியென் பணம் எடுக்க மேஜை டிராயரைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது திறந்துவிடப் போகிறாள். எமிலி சாத்திய கதவை, நல்ல மனசோடு, இந்தப் பெண் திறந்துவிடப் போகிறாள், நாலு இரவு, நோட்டாக எண்ணிக் கையில் கொடுத்துவிடுவாள், அப்புறம் போக வழியிருக்கிறது, தம்பி வண்டி அனுப்புவான், சுவர் பார்த்த அறைகூடக் காத்திருக்கிறது.

"வேண்டாம்" என்றாள் தையல்நாயகி. வகுப்பறைக் குரல் வந்துவிட்டது, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். லியென் திரும்பினாள். "தாளில் என்ன போட்டிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்." லியென் புரியாமல் பார்த்தாள். "அப்படியானால் ஐந்து இரவா, மேடம்?" "ஐந்து இரவு. ரத்து செய்ய முடியாதது. நீங்கள் திருப்பித் தரக் கூடாது. நான் கேட்டாலும் தரக் கூடாது. ராத்திரி வந்து அழுதுகொண்டே கேட்டாலும் தரக் கூடாது." லியென் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாக, ஏதோ பெரிய அலுவலகத்தில் சொல்வதுபோல, "மன்னிக்கவும் மேடம், எங்கள் விதிப்படி தொகை திரும்பத் தரப்படாது" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது, இருந்தாலும் அறை தயார், வாருங்கள் என்று சாவியை எடுத்துக்கொண்டு லியென் வந்து முன்னால் நின்றாள், அப்போதுதான் கவனித்தாள்போல, ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள். சின்னக் கை, ஈரம், சோப்பு வாசனை. தையல்நாயகி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மாடி இல்லை, மேடை மாதிரி நாலே படி, பக்கத்தில் கம்பி. அறையில் இரண்டு கட்டில், இரண்டிலும் துண்டு அன்னங்கள். ஒன்றைப் பிரித்துத் துண்டாக்கி முகம் துடைத்தாள், மற்றதை அப்படியே விட்டாள். ஜன்னலோரம் அந்த நாற்காலி நின்றது, கறுத்த மரம், கைப்பிடியின் முனைகள் யாரோ ஒரு கிழவியின் உள்ளங்கையில் தேய்ந்து வழவழவென்று. வெளியே வயல் என்றார்களே, வயலைக் காணோம், அறுப்பு முடிந்து எங்கே பார்த்தாலும் தண்ணீர், வானம் வரைக்கும் தண்ணீர், நடுவில் வரிசையாக வாத்துகள், மழை அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது. இதற்கா நாற்பத்திரண்டு டாலர் என்று எமிலியிடம் கேட்கவேண்டும். கைப்பேசியை எடுத்துத் தம்பிக்கு, "சிதம்பரம், ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன். டிக்கெட் போடாதே. நாளைக்குக் கோயிலுக்குப் போகிறேன்" என்று எழுதினாள். பிறகு உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் சரியாகப் பதிந்தன, முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஏழு பத்தொன்பது நூற்று முப்பத்து மூன்று, என்று வாத்துகளைப் பார்த்துச் சொன்னாள், எட்டு பத்தொன்பது நூற்று ஐம்பத்திரண்டு, அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது, எமிலி சொல்லித்தான் கேட்டிருக்கிறாள், கூட்டிக் கூட்டித்தான் போகவேண்டும். கைப்பிடி இரண்டையும் பிடித்து ஒரு தரம் எழுந்து பார்த்தாள். யார் கையும் இல்லாமல் எழுந்துவிட்டாள். நின்றபடி கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.